ஏழாம் பரணில் மூன்று பேர்

அத்தியாயம் 9

கீழே காட்டுக்குள் பதின்மூன்று துவக்குகள் இருந்தன. மேலே, எங்களோடு, ஒன்று. எண்ணிக்கையைப் பார்த்தால் மேலே இருப்பதுதான் பாதுகாப்பு. ஆனால் அந்த ஒன்று நவரத்தினம் அண்ணையின் மடியில் இருந்தது.

"கொம்பு ஊதியாச்சு" என்றார் அவர், மரத்தட்டியின் இடுக்கால் வெளியே பார்த்தபடி. "இனிப் பன்ரண்டு மணிக்கு மற்றக் கொம்பு ஊதுமட்டும் ஒருத்தரும் பரணை விட்டு இறங்கேலாது. அசையிறது எல்லாம் காட்டுப்பண்டி எண்டு நினைச்சுச் சுட்டுப்போடுவாங்கள்."

"என்னைப் பாத்தா அப்பிடியோ கிடக்கு, அண்ணை?"

அவர் என் வயிற்றை ஒருமுறை பார்த்தார். பதில் சொல்லவில்லை. அவர் நாகரிகமான மனிதர்.

நேரம் காலை ஒன்பதரை. ஜெர்மனியில், எங்கள் எசன் நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில், சவர்லாண்ட் மலைக்காடு. நவம்பர் மாதம். நான்கு மீற்றர் உயரத்தில் மரத்தால் அடித்த ஒரு பெட்டி. கூரை, இடுப்பளவு தட்டி, உட்கார ஒரு பலகை. ஒருவருக்கென்று செய்ததில் மூன்று பேர் இருந்தோம். நடுவில் நான். எனக்கு இடப்பக்கம் நவரத்தினம் அண்ணை, வலப்பக்கம் யோகமக்கா. காலையில் மூன்று கோப்பை கோப்பி குடித்துவிட்டு ஏறியிருந்தேன். என் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாம் இப்படித்தான் எடுக்கப்பட்டவை.

யோகமக்கா யார் என்று சொல்ல வேண்டும். இருபது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். தமிழில் சொன்ன பொய்யை ஜெர்மனிலும், ஜெர்மனில் சொன்ன பொய்யைத் தமிழிலும் ஒரு சொல் கூடாமல் குறையாமல் மாற்றிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற அடுத்த கிழமையே துப்பறியத் தொடங்கினார். அலுவலகம், அடுப்புக்குப் பக்கத்தில் அவருடைய குசினி மேசை. நான் சூசைதாசன். நாலு நாள் பார்சல் வான் ஓட்டுகிறேன், மிச்ச நாள் அவருக்கு உதவியாளன். அதற்கு முன் பதினைந்து வருடம் கலியாண வீடியோ எடுத்தேன். டோர்ட்மண்டில் நடந்த ஒரு சாப்பாட்டு விவகாரத்துக்குப் பிறகு அந்தத் தொழிலை விட்டேன். அதை இப்போதே சொல்லி என் மானத்தை வாங்கிக்கொள்ள மனமில்லை.

ஆனால் இன்றைக்கு நான்தான் வீடியோகிராஃபர், யோகமக்கா என் உதவியாளர். முக்காலியை அவர் சுமந்துகொண்டு ஏணியில் ஏறினார். எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது.

நவரத்தினம் அண்ணை கொலோனில் முப்பது வருடம் பஸ் ஓட்டி இளைப்பாறியவர். எங்கள் சனத்தில் வேட்டைப் பரீட்சை எழுதிப் பாஸானவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம்; அதில் அவர் பெருவிரல். 'காடும் நானும்' என்று யூட்யூபில் ஒரு சனல் வைத்திருந்தார். வேட்டைக்குப் போகும் இடமெல்லாம் மான், நரி, பன்றி என்று எடுத்துப் போடுவார். போன் படம் ஆடுகிறது, நல்ல கமராக்காரர் வேண்டும் என்று வட்ஸப்பில் கேட்டிருந்தார். பதினாலு வருடத்துக்கு முன் அவருடைய மகளின் கலியாணத்தை எடுத்தவன் என்ற உரிமையில் நான் கை தூக்கினேன்.

உண்மையில் எங்களை அனுப்பியவள் ஹரிப்ரியா.

கோயம்புத்தூர்ப் பெண். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மான் ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்குத் துவக்கு உரிமம் வேண்டும் என்று அவளும் பரீட்சை எழுதியவள். மூன்று கிழமைக்கு முன் இதே காட்டில், இதே கூட்டத்தோடு வேட்டைக்கு வந்திருந்தாள். இந்த வேட்டையில் துவக்குக்காரர்கள் பரணில் இருப்பார்கள். விரட்டுபவர்கள் செம்மஞ்சள் சட்டையோடு சத்தம் போட்டுக்கொண்டு புதருக்குள் நடந்து விலங்குகளைக் கிளப்புவார்கள். அன்று ஒரு விரட்டுக்காரப் பெண்ணின் தொடையில் குண்டு பாய்ந்தது. அவள் விழுந்த இடம் ஏழாம் பரணுக்கும் எட்டாம் பரணுக்கும் நடுவில். ஏழில், இப்போது நாங்கள் இருக்கும் இதே பெட்டியில், நவரத்தினம் அண்ணை. எட்டில் ஹரிப்ரியா. குண்டு சதையைத் துளைத்துக்கொண்டு போய்ப் பாசிக்குள் எங்கோ புதைந்துவிட்டது; அகப்படவேயில்லை.

அடுத்த நாள் நவரத்தினம் அண்ணை பொலிசுக்கு ஒரு வீடியோ கொடுத்தார். இருபத்திரண்டு வினாடி. பின்னால் தூணில் பூட்டிய போனில் எடுத்தது. அதில் அவர் துவக்கை உயர்த்துகிறார், வலப்பக்கமாக ஒரு பன்றி ஓடுகிறது, வலப்பக்கம் சுடுகிறார். அந்தப் பெண் விழுந்தது பரணுக்கு இடப்பக்கம். ஆக, அவர் இல்லை. அவர் இல்லையென்றால் எட்டாம் பரண்.

"மேம், நான் ட்ரிகரையே தொடல" என்றாள் ஹரிப்ரியா, குசினி மேசையில். "முந்தின நாள் ரேஞ்சுல ப்ராக்டிஸ் பண்ணேன், அதான் பேரல் அழுக்கா இருந்துச்சு. அந்தப் பொண்ணு கத்தினதும் நான் கொம்புக்கு வெயிட் பண்ணாம இறங்கி ஓடிட்டேன். ஸ்கார்ஃபால கட்டுப் போட்டேன். இப்ப அதையே சொல்றாங்க, தப்பு பண்ணலைன்னா ரூலை மீறி எதுக்கு ஓடினேன்னு."

"விசாரணை டெர்மின் எப்ப?" என்று கேட்டார் யோகமக்கா.

"திங்கக்கிழமை ஒம்பது மணி. லைசென்ஸ் போச்சுன்னா ப்ராஜெக்ட் போச்சு. ப்ராஜெக்ட் போச்சுன்னா விசா போச்சு. அப்புறம் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல போய் மான் தேடணும்."

சிரிக்கத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

இன்று சனிக்கிழமை.

வீடியோவில் தெரிந்த மரங்களையாவது ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றுதான் வந்தோம். வந்து பார்த்தால் மரமே இல்லை. வண்டு அரித்துச் செத்த ஊசியிலை மரங்களைப் போன கிழமை இயந்திரம் வந்து வழித்துவிட்டுப் போயிருந்தது. முன்னால் வெறும் அடிக்கட்டைகள், முள்ளுப்பற்றை. இடப்பக்கம் ஒரு தடியில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. அதற்கு அப்பால் சுடக்கூடாது என்று பொருள். விரட்டுபவர்களின் பாதையும் எட்டாம் பரணும் அந்தப் பக்கம். இறங்கித் திரும்பிப் போகவும் ஏலாது. போனைப் பார்த்தேன். சிக்னலும் இல்லை.

"தம்பி சூசை, கமரா ரெடியோ?"

"ரெடி அண்ணை."

என்னுடைய கமரா பழையது, பெரியது, இரண்டு மெமரி கார்ட் போடுவது. ஒன்றில் பதிவது மற்றதிலும் பதியும். முல்ஹைமில் ஒரு கலியாணத்தில் சரியாகத் தாலி கட்டும் நேரம் கார்ட் பழுதாகி, மாப்பிள்ளையிடம் "இன்னொருக்காக் கட்டுறியளோ?" என்று கேட்டவன் நான். அன்றிலிருந்து இரண்டு கார்ட் இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. கமராவின் சிவப்பு வெளிச்சத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தேன். விலங்குகள் அந்த வெளிச்சத்தைக் கண்டால் நின்று முறைக்குமாம். கலியாண வீட்டில் மாமிமாரும் அப்படித்தான். ஆனால் அவர்கள் ஓடுவதில்லை, சேலையைச் சரிசெய்துகொண்டு கிட்ட வருவார்கள்.

நவரத்தினம் அண்ணை உறையைத் திறந்து துவக்கை எடுத்தார். ஏதோ ஒன்று எனக்கு உறுத்தியது. ஹரிப்ரியாவின் வக்கீல் எடுத்துத் தந்த அந்த இருபத்திரண்டு வினாடியை அறுபது தரமாவது பார்த்திருப்பேன். அதே துவக்கு, அதே தோல்பட்டி. ஆனாலும் தினமும் கண்ணாடியில் பார்க்கிற மூஞ்சியைப் போட்டோவில் பார்க்கும்போது ஏதோ பிசகியதுபோல இருக்குமே, அப்படி. துவக்கைப் பற்றி எனக்குத் தெரிந்தது, எந்தப் பக்கத்தால் குண்டு வரும் என்பது மட்டும். அந்தப் பக்கம் என்னைப் பார்க்காதவரை போதும் என்று விட்டுவிட்டேன்.

"சாப்பிடுவமே?" என்று யோகமக்கா பையைத் திறந்தார். "மட்டன் ரோல்ஸ் கொண்டந்தனான்."

"தங்கச்சி, பண்டிக்கு மணக்குமே!"

"மணந்தா வரட்டும் அண்ணை. ரெண்டு மிச்சம் கிடக்கு."

அவர் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார். வலக்கையால் ரோல்ஸ் எடுத்து, வலக்கையால் சாப்பிட்டு, வலக்கை விரலைத் துடைத்தார். யோகமக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை; கையைப் பார்த்தார். பிறகு ஒரு பேனாவும் கடதாசியும் நீட்டி, "உங்கட சனலின்ரை பேரை எழுதித் தாங்கோ, எங்கட ஆக்களுக்கும் அனுப்பிவிடுறன்" என்றார். அவர் வலக்கையால் மணிமணியாக எழுதிக் கொடுத்தார்.

யோகமக்கா கடதாசியை மடித்து வைத்தார். சாப்பிடுகிற கையையும் எழுதுகிற கையையும் பார்க்க இவ்வளவு தூரம் வரவேண்டுமா என்று நினைத்தேன். வீடியோவிலும் அவர் வலக்கைக்காரர்தானே.

"அண்ணை, பிடியுங்கோ!"

திடீரென்று என் மூக்குக்கு முன்னால் செம்மஞ்சளாய் ஒரு தோடம்பழம் பறந்தது. நவரத்தினம் அண்ணை அதை டக்கென்று பிடித்தார்.

"என்னக்கா இது? கையிலை குடுத்திருக்கலாமே" என்றேன்.

"கையிலை குடுத்தா கையிலை வாங்குவார்" என்றார் யோகமக்கா. அந்த முகத்தில் ஒரு சிறிய சிரிப்பு வந்து போனது. பிறகு என் காதோரம் குனிந்தார். "சூசை, பண்டி வந்தா பண்டியை எடுக்காதையும். அவரை எடும். தலையிலயிருந்து இடுப்பு மட்டும்."

"பண்டிப் படம் எடுக்கத்தானே கூட்டிவந்தவர்?"

"சொன்னதைச் செய்யும். இண்டைக்கு நான் உம்மட அசிஸ்டன்ட் எண்டதை மறந்துபோடும்."

பதினொரு மணியாயிற்று. தூரத்தில் விரட்டுபவர்களின் குரல் கேட்டது. எங்கோ ஒரு துவக்கு வெடித்தது, மலை அதைத் திருப்பிச் சொன்னது. எனக்கோ இரண்டு அவசரம்: ஒன்று வழக்கு, மற்றது கோப்பி. இரண்டாவதுதான் முந்திக்கொண்டிருந்தது.

அப்போது வந்தது. வலப்பக்க முள்ளுப்பற்றை பிளந்து, கரிய உருண்டை ஒன்று வெளிப்பட்டு, அடிக்கட்டைகளுக்கு நடுவால் குறுக்கே ஓடியது. நான் கமராவை நவரத்தினம் அண்ணையின் பக்கம் திருப்பினேன். அவர் துவக்கைத் தூக்கினார். கமராத் திரை நிறைய அவருடைய தோள், கன்னம், விரல்.

இடத்தோள். இடக்கன்னம். இடக்கை விரல்.

எனக்கு டோர்ட்மண்ட் ஞாபகம் வந்தது. இனிச் சொல்லித்தான் ஆகவேண்டும். கலியாணச் சாப்பாட்டுக் காட்சியில், ஒரு மூலையில் அசிங்கமாக ஒரு தீயணைப்பு உருளை தெரிந்தது. மற்றப் பக்க மூலையில் ஒட்டிய மணமக்கள் படத்துக்குப் பின்னால் அது மறையட்டும் என்று, அந்தத் துண்டை மட்டும் கணினியில் இடம்-வலமாகத் திருப்பிவிட்டேன். ஒரு பொத்தான்தான். பெரிய திரையில் போட்டுப் பார்த்தார்கள். முந்நூறு யாழ்ப்பாணத்தார் வரிசையாக இருந்து இடக்கையால் சோறு குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஐயரும்தான். மூன்று மாதம் நான் வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை.

அதே பொத்தான்.

பன்றி சிவப்பு நாடாவைத் தாண்டியது. துவக்கின் வாய் அதைத் துரத்திக்கொண்டு நாடா வரை போனது. அங்கே நின்றது. நடுங்கியது. பன்றி எட்டாம் பரண் பக்கமாகப் போய் மறைந்தது.

"ஏலாது" என்று முணுமுணுத்து அவர் துவக்கை இறக்கினார். நெற்றி வியர்த்திருந்தது, நவம்பரில்.

இந்த இடத்தில் ஒரு நல்ல உதவியாளன் என்ன செய்வான்? வாயை மூடிக்கொண்டு ஐம்பது நிமிடம் இருப்பான். கொம்பு ஊதியதும் இறங்கி, காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்ட பிறகு பேசுவான்.

"அண்ணை, நீங்கள் இடக்கையோ?" என்றேன் நான்.

யோகமக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

நவரத்தினம் அண்ணை மெல்லத் திரும்பினார். துவக்கு மடியில், குண்டோடு. "ஏன் கேக்கிறீர்?"

"சும்மா... படத்துக்கு..."

"எந்தப் படத்துக்கு?"

கீழே குதித்தால் பதின்மூன்று பேர். குதிக்காவிட்டால் ஒருவர். நடுவில் உட்கார்ந்தது எவ்வளவு பிழை என்று அப்போதுதான் விளங்கியது.

"பொலிசுக்குக் குடுத்த படத்துக்கு" என்றார் யோகமக்கா. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை, நீதிமன்றத்துக் குரல். "நான் எசனிலை கோட்டு மொழிபெயர்ப்பாளராய் இருந்தனான் அண்ணை. அந்த ஹரிப்ரியாப் பிள்ளைக்காக வந்தனாங்கள்."

"பொய் சொல்லி வந்தனீங்கள்."

"ஓம். அதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனா எங்கட பொய்யாலை ஒருத்தருக்கும் விசா போகேல்லை."

அவர் துவக்கின் தோல்பட்டியை விரலில் சுற்றினார்.

"படத்திலை நீங்கள் வலத்தோளிலை வைச்சுச் சுடுறியள்" என்றார் யோகமக்கா. "இப்ப இடத்தோளிலை வைச்சனீங்கள். சரி, மனுசன் கை மாத்துவான் எண்டு வைப்பம். இந்தத் துவக்கிலை குண்டு ஏத்த இழுக்கிற பிடி இடப்பக்கம் கிடக்கு. படத்திலை வலப்பக்கம் கிடக்கு. துவக்கும் கை மாத்துமோ?"

எனக்கு உறுத்தியது அதுதான்! பார்த்தவன் நான், கண்டுபிடித்தவர் அவர். எங்கள் தொழில் பங்கீடு எப்போதும் அப்படி.

"படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறியள். படம் திரும்பினாப் பண்டியும் திரும்பும், குண்டும் திரும்பும். அண்டைக்கும் பண்டி இடப்பக்கம்தான் ஓடினது. நாடாவுக்கு அங்காலை சுட்டனீங்கள்."

"பொலிஸ் காணேல்லையே" என்றார் அவர், தனக்குள் சொல்வதுபோல.

"வலக்கையாலை சுடுற ஒரு மனுசனைப் பாத்து ஆர் ஐமிச்சப்படுவினம்? உங்கட கையைத் தெரிஞ்ச வேட்டைக்காரருக்குப் பொலிஸ் படத்தைக் காட்டேல்லை. உங்களைத் தெரிஞ்ச எங்கட ஆக்களும் ஐமிச்சப்படேல்லை. நாங்கள் உங்களைக் கண்டதெல்லாம் கலியாண வீட்டுச் சாப்பாட்டிலை. இந்தச் சூசையே உங்களைப் பந்தியிலை வைச்சு எடுத்தவர்."

"நல்லாச் சாப்பிட்டவர்" என்றேன். யாரும் கேட்கவில்லை.

நவரத்தினம் அண்ணை தன் இடக்கையை விரித்துப் பார்த்தார். "அம்மா இந்தக் கையைச் சீலைத்துண்டாலை கட்டிப்போட்டுத்தான் சோறு தின்னப் பழக்கினவ. பள்ளிக்கூடத்திலை வாத்தியார் அடிமட்டத்தாலை அடிச்சு எழுத்தை மாத்தினவர். துவக்குப் பிடிக்க மட்டும் ஒருத்தரும் அடிக்கேல்லை. அது தானா இந்தக் கைக்கு வந்திட்டுது."

"தோடம்பழமும் அந்தக் கைக்குத்தான் வந்தது" என்றார் யோகமக்கா.

அவர் அந்தக் கையை என் முன்னால் நீட்டினார். "கார்ட்டைத் தாரும்."

"அண்ணை..."

"தாரும் சூசை."

குரல் உயரவில்லை. துவக்கும் அசையவில்லை. ஆனால் அது மடியில் இருந்தது, அதுவே போதும். கமராவின் பக்கத்து மூடியைத் திறந்து, முதல் கார்ட்டைக் கழற்றிக் கொடுத்தேன். வீரம் காட்டியிருக்கலாம். ஆனால் வீரத்துக்கும் கோப்பிக்கும் ஒரே வயிற்றில் இடமில்லை.

அவர் அதைத் தட்டிக்கு மேலால் வீசினார். இடக்கையால். நகத்தளவு கறுப்புப் பொட்டு ஒன்று சுழன்று போய் முள்ளுப்பற்றைக்குள் விழுந்தது.

"இப்ப ஒண்டும் இல்லை" என்றார். "நீங்கள் சொல்லுவியள். நான் இல்லையெண்டுவன்."

யோகமக்கா தடுக்கவில்லை. நேரம் பதினொன்று இருபது.

அதன் பிறகு வந்த நிமிடங்கள் என் வாழ்க்கையில் மிக நீளமானவை. சண்டை பிடித்தவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போவார்கள். இங்கே கதவுமில்லை, போகவும் ஏலாது. ஒருவர் மூச்சு விட்டால் மற்றவரின் தோள் அசைந்தது. ரோல்ஸ் மணம் இன்னும் அந்தப் பெட்டிக்குள் நின்றது. அவர் விரும்பியிருந்தாலும் எங்களை விட்டுப் போக முடியாது. நாங்கள் விரும்பியிருந்தாலும் அவரை விட்டுப் போக முடியாது.

முதலில் பேசியவர் அவர்தான்.

"முப்பது வருசம் பஸ் ஓட்டினன், தங்கச்சி. ஏறுற சனம் என்ரை முகத்தைப் பாக்காது, ரிக்கற் மெசினைத்தான் பாக்கும். இஞ்ச வந்தன். இவங்கள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கள். 'நவா, வா. நவா, சாப்பிடு.' கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்கள்." இமையைத் துடைத்தார். "அந்தப் பெட்டை கத்தினது கேட்டது. என்ரை குண்டு எண்டு எனக்கு அந்த நிமிசமே தெரியும். உரிமம் போகும், கூட்டமும் போகும். அண்டிரவு அந்தப் பொத்தானை அமத்தினன். ஹரிப்ரியா எண்டு ஒருத்தரிட்டையும் நான் சொல்லேல்லை."

"சொல்லத் தேவையில்லை. ரெண்டு பரண்தானே."

"இளம்பிள்ளை. இஞ்ச இல்லையெண்டா எங்கயாவது போய்ப் பிழைச்சுக்கொள்ளும் எண்டு நினைச்சன்."

"எங்கயாவது போ எண்டு உங்களுக்கும் ஒருக்கா ஆரோ சொன்னவைதானே, அண்ணை?"

எங்கள் மூவருக்கும் அது சொல்லப்பட்டதுதான். மூன்று பேரும் தட்டியைப் பார்த்தோம்.

"அந்தப் பெட்டை கத்தேக்கை கொம்பு ஊதேல்லை" என்றார் யோகமக்கா. "பதின்மூண்டு துவக்கு சுட்டுக்கொண்டிருக்க, ஹரிப்ரியா இறங்கி ஓடினவள். அவள் கட்டுப் போட்டிராட்டி அந்தப் பெட்டை ரத்தம் போய்ச் செத்திருப்பாள் எண்டு டொக்டர் எழுதியிருக்கிறார். அவள் இறங்கினவள். நீங்கள் இறங்கேல்லை. இறங்கினதுதான் இப்ப அவளுக்குக் குற்றம்."

கீழே ஏதோ அசைந்தது. ஒரு பெண் மான், பின்னால் அதன் குட்டி. பரணுக்கு நேர் கீழே வந்து நின்று, காதை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டன. நவரத்தினம் அண்ணையின் கை துவக்கில் இருந்தது. அவர் அதைத் தூக்கவில்லை. நான் பழக்கத்தில் கமராவைக் கீழே சாய்த்துப் படம் எடுத்தேன். குட்டி எங்களை நிமிர்ந்து பார்த்தது. பதினைந்து வருடமாக "இஞ்சாலை பாருங்கோ" என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். நான் ஒன்றுமே சொல்லாமலே கமராவைப் பார்த்த முதல் ஆள் அதுதான்.

மான்கள் போன பிறகு அவர் துவக்கைத் திறந்து குண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். எழுந்தார். ஏணியில் ஒரு காலை வைத்தார்.

யோகமக்கா எட்டி அவருடைய சட்டையைப் பிடித்தார். "எங்க போறியள்?"

"கார்ட்டைத் தேட. விடுங்கோ, தங்கச்சி."

"இருங்கோ! பன்ரண்டாகப் பத்து நிமிசம் கிடக்கு. இன்னும் சுடுறாங்கள். மூண்டு கிழமை இருந்தனீங்கள், பத்து நிமிசம் இருக்க ஏலாதோ?"

அவர் உட்கார்ந்தார். அந்தப் பத்து நிமிடமும் சட்டையை யோகமக்கா விடவில்லை.

கொம்பு ஊதியது. நீளமாக, மலை முழுக்க. நாங்கள் இறங்கினோம். நான் முதலில் ஒரு மரத்தின் பின்னால் போனேன். அதை விவரிக்க மாட்டேன், ஆனால் அந்தக் கொம்பை விட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

திரும்பி வந்தபோது நவரத்தினம் அண்ணை முள்ளுப்பற்றைக்குள் முழங்காலில் நின்றார். அறுபத்து மூன்று வயது மனிதர், புது வேட்டைக் காற்சட்டை, சேறு. இடக்கையால் இலையை விலக்கி விலக்கித் தேடிக்கொண்டிருந்தார். முள் கிழித்து இரத்தம் வந்தது. அவர் கவனிக்கவில்லை.

நான் கமராவின் பக்கம் கையைக் கொண்டுபோனேன். இரண்டாவது கார்ட் உள்ளேயே இருந்தது. இடத்தோள், இடக்கை விரல், நாடாவில் நடுங்கிய துவக்கு, எல்லாம். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அது போதும். வாயைத் திறந்தேன்.

யோகமக்கா என் கையைப் பிடித்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார் தாழ்ந்த குரலில். "உம்மட முல்ஹைம் தாலிக்கதையை எனக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பீர்? மூடி வையும். அவரே எடுக்கட்டும்."

"அகப்படாட்டி?"

"அகப்படாட்டி உம்மடை கிடக்கு. ஆனா அவர் தேடி முடியட்டும்."

நான் கமராவை யோகமக்காவிடம் கொடுத்துவிட்டு முழங்காலில் இறங்கினேன். என் முழங்கால் அதற்குச் சம்மதிக்கவில்லை. சொந்தக் கமராவில் இருப்பதை முள்ளுக்குள் தேடியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இலை, பாசி, மான் புழுக்கை. "அதிலை பாத்தனீரோ?" "பாத்தன் அண்ணை." "அந்தக் கட்டைக்குப் பின்னாலை?" "உங்கடை பக்கம் பாருங்கோ, அண்ணை." அரை மணி நேரம் போயிருக்கும்.

"இந்தா!" என்றார் அவர். சின்னப் பிள்ளைபோல.

வேட்டைக்காரர்கள் எல்லாரும் வெட்டவெளியில் நெருப்பைச் சுற்றிக் கூடியிருந்தார்கள். நவரத்தினம் அண்ணை முன்னால் நடந்தார், நாங்கள் பின்னால். வேட்டைத் தலைவர், வெள்ளைத் தாடிக்காரர், அவரைக் கண்டதும் முகம் மலர்ந்து "நவா!" என்று கூவிக் கையை நீட்டினார்.

நவரத்தினம் அண்ணை கார்ட்டை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினார். நீட்டிய அந்தக் கையை அவர் குலுக்கவில்லை. அதில் கார்ட்டை வைத்தார்.